கந்தளாயில் முகில், மூதூரில் மழை: திருகோணமலைக்கு எந்தச் செய்மதிப் படத்தை நம்புவது?

#1 பாலையூற்று_முகில்

ஒரே இடிமுகில், ஒரே நேரம், இரண்டு படம். பின்னேரம் 4 மணி, அதாவது கிறீன்விச் 10:30. ஜப்பானின் ஹிமாவாரி-9 படத்தில் குளிர்ந்த உச்சி கந்தளாய்க் குளத்துக்கு நேர் மேலே நிற்கிறது. இந்தியாவின் இன்சாட்-3டிஎஸ் படத்தில் அதே உச்சி சேருவில, மூதூர்ப் பக்கம். மழை பெய்தது மூதூரில். கந்தளாயில் நிலம் நனையவில்லை.

ஹிமாவாரியின் செங்கீழ்ப் படம் (வெப்பத்தைப் பார்க்கும் படம்) 2 கி.மீ. நுணுக்கம், இன்சாட்டினது 4 கி.மீ. நுணுக்கம் கூடினது ஏன் பிழைக்கிறது? வரைபடக் கோடுகளைப் பிழையாகப் பொருத்திவிட்டார்களா?

#2 கொட்டியாரம்

கோடுகள் சரி. முகில்தான் உயரத்தில் நிற்கிறது. இது இடமாறு தோற்றப் பிழை.

பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் தெரியும் புவிநிலைச் செய்மதிகள் எல்லாம் மத்திய கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை. எந்த நெடுங்கோட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, எங்கள் ஊரைப் பார்க்கும் சாய்வு மாறும். ஹிமாவாரி-9 நிற்பது 140.7 பாகை கிழக்கில். திருகோணமலை 81.2இல். இங்கிருந்து பார்த்தால் அது கீழ்வானில் வெறும் 22 பாகை உயரத்தில் இருக்கும். அவ்வளவு சரிவாகப் பார்க்கும் கண்ணுக்கு 15 கி.மீ. உயரமான முகில் உச்சி, அதற்குப் பின்னால் உள்ள நிலத்தின் மேல் விழுந்ததுபோலத் தெரியும். படத்தைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு படப்புள்ளியையும் கடல்மட்டத்தில் இருப்பதாக எண்ணித்தான் வரைபடத்தில் ஒட்டுகிறார்கள்.

கணக்கு எளிது: நகர்வு = முகில் உயரம் × உச்சிக்கோணத்தின் தான்சன் (tan). உச்சிக்கோணம் என்பது செய்மதி எங்கள் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை பாகை சரிந்து நிற்கிறது என்பது. 15 கி.மீ. உச்சிக்கு எங்கள் ஊரில்:

ஹிமாவாரி-9 (140.7 கி.): உச்சிக்கோணம் 68, நகர்வு ஏறத்தாழ 37 கி.மீ., மேற்கு நோக்கி.
ஜிகே-2ஏ, கொரியா (128.2 கி.): 54.7, நகர்வு 21 கி.மீ., மேற்கு நோக்கி.
மீட்டியோசாட்-9, ஐரோப்பா (45.5 கி.): 42.5, நகர்வு 14 கி.மீ., கிழக்கு நோக்கி.
இன்சாட்-3டிஎஸ் (82 கி.): 10, நகர்வு 3 கி.மீ.க்கும் குறைவு, வடக்கு நோக்கி.

கந்தளாயிலிருந்து 37 கி.மீ. கிழக்கே போய்ப் பாருங்கள், சேருவில வருகிறது. உங்கள் இரண்டு படமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

நகர்வு எப்போதும் செய்மதிக்கு எதிர்ப்பக்கமாகவே இருக்கும். உயரம் குறைந்தால் நகர்வும் குறையும்: 2 கி.மீ. உயரத் திரள்முகில் ஹிமாவாரியில் 5 கி.மீ.தான் தள்ளித் தெரியும். ஆகவே முழுப் படத்தையும் ஒரே அளவாக இழுத்துச் சரிசெய்ய முடியாது. அப்படிச் செய்தால் உயர்முகில் சரியான இடத்துக்கு வரும், தாழ்முகிலும் கரையோரமும் கெடும்.

#3 குச்சவெளி_வாடை

அப்போ கதை முடிஞ்சுது. இன்சாட் எங்கட தலைக்கு மேல நிக்குது. மற்றதெல்லாம் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் எடுக்கிற படம். வாடைக் காலத்தில இன்சாட்டை மட்டும் பாருங்கோ.

#4 சீனன்குடா82

வாடை அண்ணை, இடத்துக்கு இன்சாட் சரி. நேரத்துக்கு அல்ல.

இன்சாட்-3டிஎஸ் 2024 பெப்ரவரி 17 அன்று ஏவப்பட்டது. அதன் படப்பிடிப்பான் ஆறு சனல், ஒவ்வொன்றும் ஓர் அலைநீளத்தில் படம் எடுக்கும்: 0.65 மைக்ரோமீற்றர் கட்புல ஒளியும் 1.6உம் 1 கி.மீ., 3.9உம் 10.8உம் 12.0உம் 4 கி.மீ., நீராவிச் சனல் 8 கி.மீ. பூமியின் முழு வட்டத்தை எடுத்து முடிக்க ஏறத்தாழ 26 நிமிடம். அரை மணிக்கு ஒரு படம். 74 பாகையில் உள்ள இன்சாட்-3டிஆர் இடையில் எடுத்தால் கால் மணிக்கு ஒன்று. ஹிமாவாரியும் ஜிகே-2ஏயும் பதினாறு சனலில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை முழு வட்டத்தை எடுக்கின்றன. வாடைக் கடலில் ஒரு முகில் கொதித்தெழ அரை மணி தேவையில்லை. வளர்கிறதா சாகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடப் படம்தான் உதவும்.

இன்னொன்று, படத்தில் எழுதியிருக்கும் நேரம் செய்மதி எங்கள் ஊரைப் பார்த்த நேரம் அல்ல, பூமியை வருடத் (ஸ்கான் செய்யத்) தொடங்கிய நேரம். ஹிமாவாரி வடக்கிலிருந்து தெற்காக 23 பட்டைகளாக வருடுகிறது. எங்கள் அகலக்கோட்டுக்கு வர ஏறத்தாழ 4 நிமிடம். இன்சாட்டும் வடக்கிலிருந்துதான், ஆனால் மெதுவாக. 10:30 என்று போட்ட இன்சாட் படம் திருகோணமலையைப் பார்த்தது 10:41 அளவில். மீட்டியோசாட்-9 தானே நிமிடத்துக்கு 100 தடவை சுழன்றபடி தெற்கிலிருந்து வடக்காக வரி வரியாக ஏறுகிறது. அதில் எங்கள் ஊருக்கு 7 நிமிடம் சேர்க்க வேண்டும். முதற் பதிவில் உள்ள இரண்டு படத்துக்கும் இடையே உண்மையில் 7 நிமிட இடைவெளி. முகில் விநாடிக்கு 10 மீற்றர் நகர்ந்திருந்தால் அதிலேயே 4 கி.மீ. போய்விடும்.

அந்த 2 கி.மீ. என்பதும் செய்மதிக்கு நேர் கீழே மட்டும். எங்கள் ஊரில் ஹிமாவாரியின் ஒரு படப்புள்ளி வடக்கு தெற்காக 2.2, கிழக்கு மேற்காக 5.9 கி.மீ.க்கு நீளும். ஜிகே-2ஏ 2.1க்கு 3.7. இன்சாட் 4.1க்கு 4.1. கிழக்கு வானத்தில் உள்ள இரண்டில் எங்களுக்கு ஜிகே-2ஏ மேல்.

#5 கொட்டியாரம்

சேர்த்துச் சொல்ல வேண்டிய நன்மை ஒன்று உண்டு. ஹிமாவாரி முகிலை மேற்கே தள்ளுகிறது, மீட்டியோசாட் கிழக்கே. இரண்டு கண்ணால் பார்ப்பதுபோல உயரத்தை அளக்கலாம். இரண்டு படத்திலும் அதே உச்சியைக் கண்டுபிடித்து இடைத்தூரத்தை அளந்து 3.4ஆல் (இரண்டு உச்சிக்கோணங்களின் தான்சன்களைக் கூட்டிய எண்) வகுத்தால் கி.மீ.இல் உயரம் வரும். 50 கி.மீ. விலகியிருந்தால் உச்சி 15 கி.மீ.க்கு அண்மையில்.

சீனன்குடா சொன்ன நேர வேறுபாட்டைக் கழிக்காமல் செய்யாதீர்கள். 3 நிமிடம் பிசகினால், விநாடிக்கு 20 மீற்றர் காற்றில், உயரத்தில் 1 கி.மீ. பிழை. படப்புள்ளி நீட்சியால் இன்னொரு கி.மீ. கூடிக் குறையும். சிதறிய பஞ்சு முகிலுக்கு இந்த முறை சரிவராது. கூரான உச்சி, வெட்டித் தெரியும் விளிம்பு வேண்டும்.

#6 கிண்ணியா_கடல்

கடலுக்குப் போறவங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். படத்தில சிவப்பாத் தெரியிற இடத்தில மழையா, இல்லையா? கார்த்திகை, மார்கழியில சில நாள் படத்தில ஒண்டுமே இல்ல, வெளியில கொட்டுது.

#7 சீனன்குடா82

நானா, செங்கீழ்ப் படம் மழையைக் காட்டுவதில்லை. 10.8 மைக்ரோமீற்றர் சனல் காட்டுவது முகிலின் மேற்பரப்பு எவ்வளவு குளிர் என்பதை மட்டும். உயரம் கூடக் குளிர் கூடும் என்பதால் நிறத்தை வைத்து உயரத்தை ஊகிக்கிறோம், உயரத்தை வைத்து மழையை ஊகிக்கிறோம். இரண்டு ஊகமும் தவறலாம்.

ஒரு பக்கம், குளிராகத் தெரிந்தும் மழை இல்லாத முகில். இடிமுகில் செத்த பிறகு அதன் தலைப்பாகம் மேல் காற்றில் பட்டடை போல விரிந்து நூற்றுக்கணக்கான கி.மீ. பறக்கும். −50 பாகை இருக்கும், கீழே வெயிலடிக்கும். கண்டுபிடிக்க 10.8இலிருந்து 12.0ஐக் கழித்துப் பாருங்கள். பனிப்பளிங்காலான மெல்லிய கீற்றுமுகில் என்றால் வித்தியாசம் சில பாகை இருக்கும், தடித்த இடிமுகில் என்றால் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். பகலில் இன்னும் எளிது: கட்புலப் படத்தில் மெல்லியது மங்கலாகி, கீழுள்ள கரை தெரியும்.

மறுபக்கம்தான் நீங்கள் சொல்வது. வாடைக்காற்று ஈரத்தோடு வந்து கரையில் மோதும்போது எழும் முகில்கள் பல நேரம் 5, 6 கி.மீ.க்கு மேலே போகாது. உச்சி பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான். பனிப்பளிங்கு தேவைப்படாமல், நீர்த்துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்தே மழையாகும். இணையத்தில் கிடைக்கும் நிறப் படங்களில் பெரும்பாலானவை −30 அல்லது −40க்குக் கீழேதான் நிறம் தொடங்கும். அதற்கு மேலே எல்லாம் சாம்பல். ஆகவே உங்கள் மழை படத்தில் இருக்கிறது, நிறம்தான் இல்லை. நிற அளவுகோலை +20இலிருந்து −40 வரை மாற்றி வரைந்தால் குச்சவெளி தொடங்கி வெருகல் வரை கரைக்கு இணையாக வரிசை கட்டி நிற்பதைக் காணலாம்.

பகலில் 1.6 மைக்ரோமீற்றர் சனலையும் பாருங்கள். அதில் நீர்முகில் வெள்ளை, பனிமுகில் கறுப்பு.

#8 கொட்டியாரம்

புயல் நேரத்துக்கு இதே எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது இரவில். இரவில் கட்புலப் படம் இல்லை. செங்கீழ்ப் படத்தில் மிகக் குளிர்ந்த வட்டத்தை மையம் என்று எடுத்துக்கொள்வது எல்லோரும் விடும் பிழை. மேல்மட்டக் காற்று வெட்டினால் இடிமுகில் கூட்டம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், சுழற்சியின் மையம் தாழ்முகிலோடு வெறுமையாக மறுபக்கம் கிடக்கும். 10.8இல் தாழ்முகிலுக்கும் கடலுக்கும் வெப்ப வேறுபாடு மிகச் சிறிது, அதனால் மறைந்துபோகும். 3.9இலிருந்து 10.8ஐக் கழித்த படம் இரவில் தாழ்முகிலைக் காட்டிக்கொடுக்கும். அதில் சுருள் வரிகளைத் தேடுங்கள்.

அதிலும் தெரியாவிட்டால் புவிநிலைச் செய்மதியை விட்டு, துருவங்களுக்கு மேலாகத் தாழ்வாகச் சுற்றும் துருவச் செய்மதிகளுக்குப் போக வேண்டும். மெட்ஒப் செய்மதியில் உள்ள அஸ்காட் கருவி கடல்மேற் காற்றை அளக்கும், நுண்ணலைப் படங்கள் உயர்முகிலை ஊடுருவி மழை வளையத்தைக் காட்டும். நுண்ணலையின் அலைநீளம் பெரிது. 36,000 கி.மீ. தொலைவிலிருந்து பயன்படும் நுணுக்கத்தில் எடுக்க மிகப் பெரிய அன்ரெனா வேண்டும். அதனால்தான் அந்தக் கருவிகள் தாழ்ந்த சுற்றுப்பாதையில் பறக்கின்றன, ஒரு நாளில் சில தடவை மட்டும் எங்களைக் கடக்கின்றன.

கடலுக்கு இறங்குவதா இல்லையா என்பதை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பகுதி அறிவித்தலைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

#9 பாலையூற்று_முகில்

நிறைய விளங்கியது, நன்றி. இணையம் விழும் நாளில்தான் படம் தேவைப்படுகிறது. ஜிகே-2ஏயை நேரே வீட்டில் பிடிக்கலாம் என்கிறார்கள். இங்கே சரிவருமா?

#10 உப்புவெளி_அன்ரெனா

சரிவரும். திருகோணமலைக்குக் கிழக்கே கடல், மறைப்பு இல்லை. திசைக்கோணம் 98, ஏற்றக்கோணம் 35. கிழக்கிலிருந்து, நீட்டிய கையின் ஒரு முட்டி அகலமளவு தெற்கே, வானத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குச் சற்று மேலே. தென்னை மரம் மறைத்தால் இடம் மாற்றுங்கள், நனைந்த ஓலை இந்த அலைவரிசையை நன்றாகக் குடிக்கும்.

பிடிக்க வேண்டியது எல்.ஆர்.ஐ.ரி. (குறைந்த வேகத்தில் படம் அனுப்பும்) ஒலிபரப்பு: 1692.14 மெகாஹேர்ட்ஸ், விநாடிக்கு 64 கிலோபிட். பத்து நிமிடத்துக்கு 4.8 மெகாபைட்தான் இறங்கும். அதனால் பதினாறு சனலில் ஒன்று மட்டும், 10.5 மைக்ரோமீற்றர், 2200க்கு 2200 புள்ளியாகச் சுருக்கி வரும். நேர் கீழே 5 கி.மீ. நுணுக்கம், எங்கள் ஊரில் 5க்கு 9 கி.மீ. வங்காள விரிகுடாவில் எது எங்கே போகிறது என்று பார்க்கப் போதும். மூதூரா கிண்ணியாவா என்று பிரிக்கப் போதாது.

பொருட்கள்: 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கு விற்கும் 60க்கு 100 சென்ரிமீற்றர் கம்பித்தட்டு டிஷ். 1688ஐ மையமாகக் கொண்ட வடிகட்டியோடு சேர்ந்த தாழ்-இரைச்சல் பெருக்கி. வெப்பநிலை ஈடுசெய்த அலையாக்கி உள்ள ஆர்.ரி.எல். எஸ்.டி.ஆர். டொங்கிள் (கணினியில் செருகும் வானொலி வாங்கி), ஒரு சிறிய கணினி. பழைய மலிவு டொங்கிளில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை இருந்தால் 1692இல் அது 85 கிலோஹேர்ட்ஸ் விலகல். ஒலிபரப்பே அதற்குள் நழுவிவிடும். 1 பி.பி.எம். என்றால் 1.7 கிலோஹேர்ட்ஸ்தான்.

பெருக்கியை டிஷ்ஷின் வாயிலேயே, அதாவது தட்டு அலையைக் குவிக்கும் முனையிலேயே, கட்டுங்கள். ரி.வி. வயரில் இந்த அலைவரிசைக்கு 20 மீற்றரில் 6 டெசிபல் அளவு போய்விடும். பெருக்கிக்கு முன் போனது திரும்பி வராது, பின் போனால் தாங்கலாம். மின்சாரம் அதே வயரில் டொங்கிளிலிருந்து போகும், மென்பொருளில் அதை இயக்க மறந்தால் வெறும் இரைச்சல் மட்டுமே தெரியும். வடிகட்டி இல்லாத பெருக்கியை வாங்க வேண்டாம், 1800 அலைவரிசைக் கைபேசிக் கோபுரம் ஒன்று அருகில் இருந்தாலே அது திணறிவிடும்.

கூரையில் கிடக்கும் 60 சென்ரிமீற்றர் ரி.வி. டிஷ்? ஒரு மீற்றரோடு ஒப்பிட்டால் 4.4 டெசிபல் குறைவு, விளிம்பில்தான் நிற்கும். முயல்வதானால் அது பக்கக் குவியத் தட்டு (வாய் நடுவில் நிற்காமல் பக்கம் தள்ளி நிற்பது) என்பதை மறக்காதீர்கள். தட்டின் விலகல் 24 பாகை என்றால், 35 பாகையில் உள்ள செய்மதிக்குத் தட்டு நிலைக்குத்திலிருந்து 11 பாகைதான் பின்னே சாய வேண்டும். கண்ணுக்கு அது தொடுவானத்தைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

#11 குச்சவெளி_வாடை

இதில ஒரு இடத்தில எல்லாரும் மாட்டுவீனம். கொரியாவில இருந்து எழுதின வழிகாட்டியைப் பாத்து அவையள் வச்ச மாதிரியே வாய்க்கம்பியை வைச்சா இங்க சிக்னல் வராது.

#12 உப்புவெளி_அன்ரெனா

வாடை அண்ணை சொல்வது மிகச் சரி. நான் மேலே எழுதியிருக்க வேண்டியது.

ஜிகே-2ஏயின் அலை நேர்கோட்டு முனைவாக்கம், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிர்வது. செய்மதியின் நெடுங்கோட்டிலேயே வசிப்பவருக்குக் கிடை கிடையாகவும் குத்து குத்தாகவும் வரும். நாங்கள் மத்திய கோட்டுக்கு அருகில் நின்று 47 பாகை கிழக்கே உள்ள ஒன்றைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். எங்களுக்கு அது 78 பாகை திரும்பிவிடும். அதாவது கிடை ஏறக்குறைய குத்தாகிவிடும். நேர் குறுக்காக வைத்தால் 20 டெசிபலுக்கு மேல் இழப்பு, டிஷ் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது: முதலில் திசையைப் பொருத்திவிட்டு, வாயை 10 பாகைப் படிகளாக 180 பாகை வரை சுழற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 15 விநாடி நின்று சிக்னல்-இரைச்சல் விகிதத்தைக் குறியுங்கள். உச்சியைக் கண்ட பிறகுதான் திசையை மீண்டும் நுணுக்கமாகத் திருத்த வேண்டும். ஒரு மீற்றர் தட்டின் கதிரகலம் 12 பாகை. திசையில் 3 பாகை பிசகு பெரிதாக உறுத்தாது, வாய்க்கோணத்தில் 60 பாகை பிசகு 6 டெசிபலை விழுங்கிவிடும். கம்பித்தட்டின் கம்பிகள் ஓடும் திசையும் வாயின் திசையோடு ஒத்திருக்க வேண்டும், ஆகவே வாயை மட்டும் திருப்பாமல் தட்டையும் சேர்த்துத் திருப்புங்கள்.

சிக்னல் பூட்டியும் படம் வராவிட்டால் இரண்டு காரணம். மென்பொருள் காட்டும் ரீட்-சொலமன் பிழை (பிழைதிருத்தும் குறியீடு கண்ட பிழை எண்ணிக்கை) பூச்சியமாக இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல் போதாது. பிழை பூச்சியம், கோப்புகள் வருகின்றன, ஆனால் திறக்கவில்லை என்றால் திறவுகோல் கோப்பு இல்லை. கொரியா இந்த ஒலிபரப்பை மறைகுறியாக்கித்தான் அனுப்புகிறது.

கடற்கரையில் இந்த அமைப்பைக் கொல்வது உப்பு. பொருத்திகள் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும். தன்னொட்டு இறப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண நாடா. டொங்கிளுக்கு முன் வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியத் தட்டுக்குச் சாதாரண இரும்பு ஆணி போடாதீர்கள்.

#13 கிண்ணியா_கடல்

பங்குனியிலயும் புரட்டாதியிலயும் இரவில படம் கோடு கோடா வருது, சில நேரம் வராமலே போகுது. என்ன காரணம்?

#14 கொட்டியாரம்

சம இராக்காலக் கிரகணம், அதாவது பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி வருவது. மார்ச் 20ஐயும் செப்டெம்பர் 22ஐயும் ஒட்டி, முன்னும் பின்னும் மூன்று வாரம், செய்மதி ஒவ்வொரு நள்ளிரவிலும் பூமியின் நிழலுக்குள் போகும். கூடியது 72 நிமிடம். மின்கலம் தாங்கும். தொல்லை நிழலுக்குள் நுழையும், வெளியேறும் வேளையில்தான்: சூரியன் பூமியின் விளிம்பை ஒட்டி நேரே தொலைநோக்கிக்குள் எட்டிப் பார்க்கும். 3.9 சனலில் ஒளிக்கோடுகள் விழும். கருவியைக் காக்க அந்தப் பகுதியை வருடாமல் விடுவதும் உண்டு.

நள்ளிரவு என்பது செய்மதி நிற்கும் நெடுங்கோட்டின் நள்ளிரவு. எங்கள் கடிகாரத்தில் ஹிமாவாரிக்கு அது இரவு 8 மணிக்குச் சற்றுப் பிந்தி, ஜிகே-2ஏக்கு 9 மணி, இன்சாட்-3டிஎஸ்ஸுக்குச் சரியாக 12, மீட்டியோசாட்-9க்கு 2:30. ஒன்று கண்ணை மூடும்போது மற்றது விழித்திருக்கும். நாலையும் பார்க்கப் பழகியவர்களுக்கு அந்த வாரங்களிலும் படத்துக்குத் தட்டுப்பாடு வராது.

தொலைத்தொடர்புக்குப் புவிநிலைப் பாதை என்ற எண்ணத்தை 1945இல் எழுதிப் பரப்பிய ஆர்தர் சி. கிளார்க், 1950களில் எங்கள் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைத் தேடியவர். அந்த மலையில் நின்று தெற்கே தலையை நன்றாக உயர்த்தினால் இன்சாட் நிற்கும் இடம்.

#15 உப்புவெளி_அன்ரெனா

அதே பருவத்தில் டிஷ்காரருக்கு ஒரு வசதி. மார்ச் 16, 17 காலை 8:35 அளவிலும், செப்டெம்பர் 26, 27 காலை 8:20 அளவிலும் சூரியன் எங்களுக்கும் ஜிகே-2ஏக்கும் நேர்கோட்டில் வரும். அந்த நேரம் வாயின் நிழல் தட்டின் நடுவில் விழுந்தால் திசை சரி. மரமோ மதிலோ தட்டின் மேல் நிழல் போட்டால் அதுதான் உங்கள் மறைப்பு. பக்கக் குவியத் தட்டுக்கு இந்த நிழல் முறை சரிவராது. சூரிய இரைச்சலால் சில நிமிடம் சிக்னல் சற்று இறங்கும், அதற்காகத் தட்டை ஆட்டாதீர்கள்.

#16 பாலையூற்று_முகில்

டிஷ் போட முன், இணையத்தில் ஹிமாவாரியின் மூலத் தரவையே இறக்கி நகர்வைத் திருத்திப் பார்க்க நினைக்கிறேன். முழு வட்டமும் மிகப் பெரிது.

#17 சீனன்குடா82

முழுவதும் வேண்டாம். அமேசன் திறந்த தரவில் ஒவ்வொரு சனலும் வடக்கிலிருந்து தெற்காகப் பத்துத் துண்டாக வெட்டியிருக்கும். 5500 வரியில் எங்கள் ஊர் 2320ஆம் வரியை ஒட்டி. இலங்கை முழுவதும், பருத்தித்துறையிலிருந்து தெவுந்தர முனை வரை, ஐந்தாம் துண்டிலேயே அடங்கும். கோப்புப் பெயரில் 0510 என்று முடிவதை மட்டும் எடுங்கள். பதின்மூன்றாம் சனல் போதும். பைதன் நிரல்மொழியில் சாட்பை நூலகம் இதைத் திறக்கும். இடமாறு திருத்தமும் அதற்குள்ளேயே உண்டு, ஆனால் முகில் உச்சி உயரத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். உயரம் கிடைக்காவிட்டால், −60க்குக் கீழான புள்ளிகளுக்கு மட்டும் 14 கி.மீ. என்று வைத்துத் திருத்துங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். கந்தளாய் முகில் எங்கே போய் நிற்கிறது என்று படத்தை இங்கே போடுங்கள், இன்சாட்டோடு வைத்துப் பார்ப்போம்.